ஈஸ்வரி நகம் வெட்டிக்கொண்ட கதை

"அசையாம இரு. அசைஞ்சா நகத்தோட விரலும் சேந்து போயிரும்" என்றார் சின்னச்சாமி.

ஈஸ்வரியின் இடது கால் கணவரின் மடியில் இருந்தது. அவர் மூக்கு நுனியில் கண்ணாடி தொங்கியது. கையில் தோட்டத்துச் செடிகளுக்குக் கவாத்து அடிக்கிற பெரிய கத்தரி.

"அதை எப்பக் கழுவுனீங்க?"

"எதை?"

"கத்தரியை."

சின்னச்சாமி கொஞ்சம் யோசித்தார். "போன மழைக்கு நனைஞ்சிச்சு" என்றார்.

ஈஸ்வரி காலை உருவிக்கொண்டாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவளே பிளேடால் நகம் வெட்டப் போய்ச் சதையைச் சீவிவிட்டாள். சர்க்கரை உடம்பு. ஒரு பொட்டுக் காயம் ஆற ஆறு வாரம் ஆனது. போன வாரம் காட்டப் போனபோது தேனி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"இனிமே நீங்களா நகத்துல கை வைக்காதீங்கம்மா. வர்ற வெள்ளிக்கிழமை பாக்க வரும்போது, நல்லாக் கண்ணு தெரியிற ஒருத்தர்ட்ட நேரா வெட்டிட்டு வந்திருக்கணும். ஓரம் வளந்து சதைக்குள்ள போயிருச்சுன்னா அப்புறம் நகத்தையே எடுக்கிற மாதிரி ஆயிரும்."

வெளியே வரும்போது நர்ஸம்மா விரல் விட்டு எண்ணி நாலு விஷயம் சொல்லி அனுப்பினாள். பார்லருக்குப் போனால் சாமானை ஆவியில் அவித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். தேய்க்கிற அரம் புதிதாக இருக்க வேண்டும். காலைத் தண்ணீரில் ஊற வைக்க விடக் கூடாது. ஓரத்துச் சதையில் கத்தி படவே கூடாது.

வேறு யாராவது என்றால் பஸ் ஏறுவதற்குள் இரண்டை மறந்திருப்பார்கள். ஈஸ்வரி மறக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரித்தவள் அவள். மூடிய கைக்குள் நாலு காயை வைத்து, இதில் ஒன்று சொத்தை என்பாள். திறந்து பார்த்தால் ஒன்று சொத்தையாகத்தான் இருக்கும். அவள் ஊரான சிலமலையில் புதிதாக யார் மிக்ஸி வாங்கினாலும் முதலில் அவளிடம் காட்டுவார்கள். அவள் சரியில்லை என்றால் அது கடைக்கே திரும்பிப் போகும்.

"நல்ல கடையாப் பாத்து நானே புடிக்கிறேன்" என்றாள் ஈஸ்வரி. "ஊர்ல இத்தனை பார்லரு இருக்கு. ஒண்ணு கூடவா சுத்தமா இருக்காது?"

"நான் கூட்டிட்டுப் போறேம்மா" என்றான் ஜெகதீஷ்.

ஈஸ்வரி மகனை ஏற இறங்கப் பார்த்தாள். இருபத்தொன்பது வயது. காலையில் தோட்டத்து ஆட்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவான். சாயங்காலம் போய் இறக்கிக்கொண்டு வருவான். நடுவில் போடியில் என்ன சோலி பார்க்கிறான் என்று யாருக்கும் தெரியாது. ரேஷன் கடைக்குப் போடா என்றால் பத்துச் சாக்குச் சொல்கிறவன், இன்றைக்கு அம்மா காலுக்காக ஜீப்பைத் துடைத்து நிறுத்தியிருந்தான். பெற்ற பாசம் போகுமா என்று நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அவன் கூட்டிக்கொண்டு போனது போடி மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட கடை. உள்ளே குளுகுளுவென்றிருந்தது. ஓனரம்மாள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"வாங்க மேடம். என்ன பண்ணணும்?"

"நகம் வெட்டணும். அதுக்கு முன்னால உங்க குக்கரைக் காட்டுங்க."

ஓனரம்மாளின் சிரிப்பு பாதியில் நின்றது. "குக்கரா? மேடம், இது பார்லரு. மெஸ்ஸு பக்கத்துக் கட்டடம்."

"சாமான் அவிக்கிற குக்கரைக் கேட்டேன்."

"அதுவா. நம்மகிட்ட அதைவிடப் புது மாடல் ஐட்டம் இருக்கு" என்று நீல விளக்கு எரிகிற ஒரு பெட்டியைக் காட்டினாள். "இதுக்குள்ள அஞ்சு நிமிசம் வச்சா எல்லாக் கிருமியும் செத்துரும்."

"வெளிச்சம் பட்டாவா?"

"ஆமா மேடம்."

"வெளிச்சத்துக்குச் சாகும்னா, எங்க ஜீப்பு லைட்டுக்குத் தேவாரத்துக் காட்டு யானையெல்லாம் எப்பவோ செத்திருக்கணுமே."

ஓனரம்மாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அதில் உட்கார்ந்த ஈஸ்வரியின் கண் அதற்குள் பக்கத்தில் இருந்த கால் தொட்டிக்குப் போய்விட்டது.

"தண்ணியில என்ன மிதக்குது?"

"ரோஜாப்பூ இதழ் மேடம்."

ஈஸ்வரி குனிந்து பார்த்தாள். "ரோஜா இதழ் நல்லாத்தான் வளைஞ்சிருக்கு. யாரு நகம் இது?"

இப்படி அவள் குறுக்கு விசாரணையில் இருக்கும்போது, கீழே முக்காலியில் உட்கார்ந்திருந்த பயிற்சிப் பெண் சும்மா இருக்க வேண்டாமே என்று தன் வேலையை ஆரம்பித்துவிட்டாள். ஈஸ்வரி குனிந்து பார்த்தபோது இடது காலின் ஐந்து நகமும் ரத்தச் சிவப்பில் பளபளத்தன.

"நான் வெட்டத்தானே வந்தேன்?"

"கலர் அடிச்சா நீளமே தெரியாதுக்கா" என்றாள் அந்தப் பெண்.

வீட்டுக்கு வந்ததும் சின்னச்சாமி காலைப் பார்த்தார். நீண்ட நகம், நுனி வரை சிவப்பு.

"எத்தனை பேரைக் குத்துன?" என்று கேட்டார்.

புதன்கிழமை வேறு கடை. அல்ஃபியா என்ற பெண் தன் வீட்டு முன்னறையிலேயே பார்லர் வைத்திருந்தாள். நல்ல பெண், நாலு நிபந்தனையையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். மேல்பூச்சைத் துடைத்துவிட்டுத்தான் வெட்ட முடியும் என்று பஞ்சை எடுத்தாள். அறையில் ஜன்னல் கிடையாது. துடைக்கிற திரவத்தின் வாடையில் மூன்று நகம் முடிவதற்குள் இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"மத்த ரெண்டு கெடக்கட்டும்" என்றாள் ஈஸ்வரி மூக்கைப் பொத்திக்கொண்டு. "நீ சாமானை அவிச்சுக் கொண்டா."

"அவிக்கிற மெசின் இல்லையே அம்மா."

"வீட்ல குக்கர் இருக்குல்ல? அதுவும் ஆவிதான்."

அடுப்படியில் அல்ஃபியாவின் மாமியார் சுல்தானா பருப்பு வைத்திருந்தாள். ஈஸ்வரியே உள்ளே போய் விஷயத்தை விளக்கிப் பருப்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றினாள். குக்கரைத் தேய்த்து, நகவெட்டி, கத்தரி, அரம், தோண்டுகோல் எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடினாள்.

"எட்டு விசில் வரட்டும். கிருமிக்குப் பருப்பை விட ஆயுசு கெட்டி" என்றாள்.

ஐந்தாவது விசிலில் ஒரு வாடை வந்தது. ஏழாவதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். திறந்தபோது சாமான்களின் ரோஸ் நிறப் பிளாஸ்டிக் பிடிகள் உருகி, அத்தனையும் கடலை மிட்டாய் மாதிரி ஒரே கட்டியாக அடியில் பிடித்திருந்தன.

"எங்க நிக்காஹ்வுக்கு என்னைப் பெத்த அத்தா வாங்கிக் குடுத்த குக்கரு இது" என்றாள் சுல்தானா மருமகளைப் பார்த்து. "இதுல நீ ஊரார் நகத்தை அவிக்க விட்டிருக்க."

"நகத்தை அவிக்கல மாமி, நகவெட்டியைத்தான் அவிச்சோம்."

"அது எங்க போயிட்டு வந்துச்சு?"

மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு முற்றியது. நாலு வருடத்துக் கணக்கெல்லாம் வெளியே வந்தது. ஈஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. நடுவில் புகுந்து, இரண்டு பேர் மேலும் தப்பிருக்கிறது, அதோடு குக்கரின் ரப்பரும் சரியில்லை என்று எடுத்துச் சொன்னாள். இரண்டு பேரும் பேச்சை நிறுத்தி, ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள். அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒரே குரலில் பேசியது அன்றைக்குத்தான் என்று தெருவில் பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள்.

வெட்டாத பத்து நகம், அதில் இரண்டு சிவப்பு. இந்தக் கோலத்தில் ஈஸ்வரி ஜீப்பில் ஏறினாள்.

"விடுங்கம்மா. நாளைக்கு வேற எடம் பாப்போம்" என்றான் ஜெகதீஷ். அவன் முகத்தில் வருத்தம் அவ்வளவாகத் தெரியவில்லை. ஆம்பிளைப் பிள்ளை, தைரியமாக இருக்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மூன்றாவது கடை. இதற்குள் செய்தி அவளுக்கு முன்னால் போய்விட்டது. நகராட்சியிலிருந்து ஒரு அம்மா மாறுவேஷத்தில் கடை கடையாகச் சோதனை போடுகிறது, ஒரு இடத்தில் சாமானையே உருக்கிவிட்டது என்று பார்லர்காரர்களின் வாட்ஸாப்பில் ஓடியிருக்கிறது. கடைக்காரி பாண்டீஸ்வரி வாசலிலேயே கைகட்டி நின்றாள். தெரு முனை வரை ஃபினாயில் வாடை. போர்டில் 'நக அலங்காரம்' என்று எழுதியிருந்த இடத்தை ஒரு காலண்டர் மறைத்திருந்தது.

"உங்க சாமானெல்லாம் சுத்தமா இருக்கா?" என்று ஈஸ்வரி ஆரம்பித்தாள்.

"சாமானே இல்லைங்கம்மா" என்றாள் பாண்டீஸ்வரி பணிவாக. "அம்புட்டுச் சுத்தம்."

"அப்ப நகம் எதை வச்சு வெட்டுவ?"

"நகம் வெட்டுறதே இல்லைங்கம்மா. இங்க யாருமே வெட்டுனதில்ல."

"இங்க பாரு ஆத்தா, நான் ஆபீசரும் இல்ல, ஒண்ணும் இல்ல. சிலமலைக்காரி. எனக்கு நகம் வெட்டணும், அவ்வளவுதான்."

"எல்லா ஆபீசரும் இப்படித்தாம்மா சொல்லுவாங்க" என்றாள் பாண்டீஸ்வரி, பணிவு குறையாமல்.

ஈஸ்வரி கோபமாகத் திரும்பினாள். தரையெல்லாம் ஃபினாயில் தண்ணீர். கால் வழுக்கியது. கதவைப் பிடித்து விழாமல் தப்பினாள். ஆனால் இடது கால் கட்டைவிரல் நிலைப்படியில் நச்சென்று முட்டியது. நீண்டிருந்த நகம் ஓரச் சதையில் அழுந்திய வலி முட்டி வரை ஏறியது.

ஜீப்பில் ஏறியதும் காலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். ரத்தம் இல்லை. ஓரம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. டாக்டர் சொன்னது காதில் திரும்பக் கேட்டது. ஆறு வாரம் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்ததும், சின்னச்சாமி வைத்த ரசத்தைக் குடித்ததும் நினைவுக்கு வந்தன. இரண்டில் எது கொடுமை என்று அவளால் சொல்ல முடியாது.

ஜெகதீஷ் வண்டியை எடுக்காமல் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான்.

"இன்னொரு கடை இருக்கு" என்றான் மெதுவாக. "ஆனா அது வேணாம்மா."

"ஏன்?"

"தேவாரம் ரோட்டுல, ஜவுளிக்கடை மாடியில. அந்தப் புள்ள ரொம்பக் கறாருன்னு சொல்றாங்க. நீங்க ஒரு கேள்வி கேட்டா அது ரெண்டு கேள்வி கேக்குமாம். உங்களுக்குச் சரிப்படாது."

"எனக்குச் சரிப்படாதுன்னு சொல்ல நீ யாரு? வண்டிய எடு."

"வேணாம்மா, சொன்னாக் கேளுங்க."

"வெரசா எடுறா."

மாடிப்படி சுத்தமாக இருந்தது. ஈஸ்வரி கைப்பிடிக் கம்பியில் விரலை ஓட்டிப் பார்த்தாள், தூசி இல்லை. அதற்காக உடனே மதிப்பெண் போட்டுவிடவில்லை. கம்பியைத் துடைப்பது யாருக்கும் கைவரும்.

கதவருகே நின்ற பெண்ணுக்கு இருபத்தாறு வயது இருக்கும். கூந்தலை இறுக்கி முடிந்திருந்தாள். நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள், பூச்சு இல்லை. பெயர் கலையரசி என்று சுவரில் மாட்டியிருந்த சான்றிதழில் இருந்தது. இன்னொரு பக்கம் மருதாயி என்கிற வேலைக்காரம்மாள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கத்தே" என்றாள் கலையரசி. "செருப்பை வெளியில விட்டுட்டு, அந்தக் குழாயில கையைக் கழுவிட்டு உக்காருங்க."

மற்ற கடைகளில் மேடம், அக்கா, அம்மா. இங்கே அத்தை. மரியாதை தெரிந்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டே ஈஸ்வரி கையைக் கழுவினாள். கழுவி முடித்த பிறகுதான் உறைத்தது: மூன்று நாளாக உத்தரவு போட்டுக்கொண்டிருந்தவள், இப்போது உத்தரவு வாங்கியிருக்கிறாள்.

"குக்கர் இருக்கா?"

கலையரசி திகைக்கவில்லை. ஜன்னல் பக்கம் இருந்த கனத்த எஃகு மெஷினைக் காட்டினாள். "ஆஸ்பத்திரியில வைக்கிற மெசின்தான். ஆவியும் அழுத்தமும் சேந்து வரும். அவிச்ச பெறகு கவர்ல போட்டு ஒட்டி வச்சிருவேன். உங்க முன்னாலதான் பிரிப்பேன்."

"அரம்?"

"ஆளுக்கு ஒண்ணு. தேச்சதும் ஒடிச்சுப் போட்ருவேன்."

"காலை ஊற வைப்பியா?"

"அதை நான் சொல்றதுக்கு முன்னால நீங்க சொல்லுங்க. சர்க்கரை இருக்கா?"

"இருக்கு."

"கால்ல மதமதப்பு?"

"இல்ல."

"இதுக்கு முன்னால நகத்தை யாரு வெட்டுனா?"

"நாந்தான். பிளேடால."

கலையரசி ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த கண்டிப்பை, ஈஸ்வரி ஏலக்காய் ஸ்டோரில் மற்றவர்களுக்குக் கொடுத்திருக்கிறாள், வாங்கியதில்லை.

"இனிமே செய்யாதீங்கத்தே. சர்க்கரை இருந்தா நான் ஊற வைக்க மாட்டேன்."

கிளவுஸ் போட்டுக்கொண்டு, விளக்கை இழுத்து, கட்டைவிரலை மூன்று பக்கமும் பார்த்தாள். "தடிச்சுத்தான் இருக்கு, தோல் கிழியல. கிழிஞ்சிருந்தா நான் தொட்டிருக்க மாட்டேன். நேரா டாக்டர்ட்ட போங்கன்னு சொல்லிருப்பேன்."

கவரைப் பிரித்து வெட்ட ஆரம்பித்தாள். கை நடுங்கவில்லை, அவசரமும் இல்லை. நகம் நூல் பிடித்த மாதிரி நேராக விழுந்தது. மிச்சமிருந்த இரண்டு சிவப்பும் போயின. ஜன்னல் திறந்திருந்ததால் கண் எரியவில்லை. ஈஸ்வரிக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்காதது பெரிய குறையாக இருந்தது. கடைசியாக ஒரு பொறி வைத்தாள்.

"அந்த ஓரத்துச் சதையையும் லேசா வெட்டி விட்ரு ஆத்தா."

"வெட்ட மாட்டேன்."

"நாந்தானே சொல்றேன்."

"நீங்க சொன்னாலும் வெட்ட மாட்டேன்த்தே."

ஈஸ்வரிக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. தான் சொல்லியும் கேட்காத ஒருத்தியை, அதுவும் சரியான காரணத்துக்காகக் கேட்காத ஒருத்தியை, அவள் பார்த்துப் பல வருடம் ஆகிறது.

முடிந்ததும் மருதாயி ஒரு டம்ளர் காப்பி கொண்டு வந்தாள். அரை டம்ளர், கடுங்காப்பி, சீனி இல்லை, ஒரு ஏலக்காய் தட்டிப் போட்டது. வீட்டில் ஈஸ்வரி தனக்கென்று போட்டுக்கொள்கிற அதே பக்குவம். நல்ல கடை என்றால் காப்பியிலும் தெரியும் என்று உறிஞ்சிக் குடித்தாள். எழுந்து நாலு அடி நடந்து பார்த்தாள். வலி இல்லை. நாளைக்கு டாக்டர் முன்னால் காலை நீட்டி, பாருங்கள் என்று சொல்லலாம்.

"ஜெகா, மேல வா" என்று கூப்பிட்டாள்.

ஜெகதீஷ் மாடிப்படியின் கடைசிப் படியிலேயே நின்றிருந்தான். காற்று நன்றாக வந்தும் அவன் நெற்றி வேர்த்திருந்தது.

"வேணாம் வேணாம்னு சொன்னியே, பாத்தியா காலை? மூணு கடை நீ காட்டுன, மூணும் சொத்தை. இதை நான்தான் புடிவாதமா வந்து கண்டுபுடிச்சேன்."

"ஆமாம்மா" என்றான் ஜெகதீஷ் தரையைப் பார்த்துக்கொண்டு.

"இதே மாதிரிதான் உனக்குப் பொண்ணு பாக்குற விசயமும். ஏழு எடம் பாத்தாச்சு. ஒருத்தி டம்ளருக்குள்ள கட்டைவிரலை விட்டுத் தண்ணி குடுக்குறா. ஒருத்தி பஜ்ஜித் தட்டு மேல தும்முறா. தரகரு ஏழு பேரு இருந்து என்ன பண்ண, இப்படி ஒரு புள்ளைய எவனாச்சும் கண்ணுல காட்டுனானா?" ஈஸ்வரி கலையரசியின் தோளைத் தட்டினாள். கலையரசி குனிந்து, ஏற்கெனவே ஒடித்துப் போட்ட அரத்தை எடுத்து இன்னொரு தரம் ஒடித்தாள். "நான் எதையும் அளந்து பாத்துத்தான்டா சொல்லுவேன். நல்லதைக் கண்டுபுடிக்கத் தனிக் கண்ணு வேணும். அது உனக்கு உங்கப்பா மாதிரியே கெடையாது."

தரையில் கிடந்த நகத் துணுக்குகளைக் கூட்டிக்கொண்டிருந்த மருதாயி நிமிர்ந்து, இரண்டு பேர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"இந்தத் தம்பி உங்க மகனாக்கா? ரெண்டு வருசமா வாரம் தவறாம இங்க வந்து நகம் வெட்டிக்கிறாரு. ஒரு மனுசனுக்கு எம்புட்டு நகந்தான் வளரும்னு நானும் கேக்கலாம் கேக்கலாம்னு இருந்தேன்."